கறி படம் எடுப்பது எப்படி: ஓட்டல் மெனுவுக்கும் இறைச்சிக் கடைக்கும் ஒரு முழு வழிகாட்டி

மட்டன் சுக்காவைத் தட்டில் வைத்துவிட்டு, அப்புறம் லைட்டைத் திருப்பிக்கொண்டு நிற்பதுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. லைட் சரியாகி நிமிர்வதற்குள் தட்டின் ஓரத்தில் ஆட்டுக் கொழுப்பு உறைந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். கறிவேப்பிலை சுருண்டிருக்கும், துண்டுகளின் மேல்பக்கம் காய்ந்து மங்கியிருக்கும். அதற்கு மேல் எந்தக் கேமராவாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

சமைத்த கறி அழகாக இருப்பது சில நிமிடங்கள்தான். பச்சைக் கறிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆகவே கீழே சொல்லும் வரிசை முழுக்க ஒரே கணக்கில் போகிறது: மற்ற எல்லாம் தயாரான பிறகுதான் கறி மேசைக்கு வரவேண்டும்.

1. படம் எங்கே போகப்போகிறது என்று முதலில் கேளுங்கள்

டெலிவரி ஆப்பில் படம் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரியும். அங்கே முழு விருந்தையும் பரப்பினால் எதுவும் புரியாது. ஒரு கிண்ணம், அதில் தெளிவாகத் தெரிகிற நாலைந்து துண்டுகள், அவ்வளவுதான். சதுரமாகவும் அகலமாகவும் வெட்டுவார்கள் என்பதால் நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

ஃபிளெக்ஸ் பேனர் என்றால் கடைப் பெயரும் விலையும் போட ஒரு பக்கம் காலியாக வேண்டும். பாக்கெட் லேபிள் என்றால் வெள்ளைப் பின்னணி கேட்பார்கள். இதைக் கேட்காமல் எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் பின்னணியை வெட்டி எடுப்பது இரட்டை வேலை. அதிலும் குழம்புக் கிண்ணத்தின் ஓரத்தை வெட்டுவது பெரிய இம்சை.

அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிளேட்டுக்கு எத்தனை துண்டு, எந்தக் கிண்ணம், எலும்போடா எலும்பில்லாமலா? விற்கிற அளவைத்தான் படத்தில் காட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், எட்டுத் துண்டு படத்தைப் பார்த்து ஆர்டர் செய்தவர் ஐந்து துண்டு பார்சலைப் பிரித்ததும் படம் எடுத்து ரிவ்யூவில் போட்டுவிடுவார்.

2. முதல் நாளே எடுத்து வைக்க வேண்டியவை

டிரைபாட் கட்டாயம். இரண்டு கையும் தட்டில் வேலை செய்ய வேண்டியிருக்கும். அதோடு, ஒரு முறை அமைத்த கோணம் அசையாமல் இருந்தால்தான் டம்மி தட்டை (ஒத்திகைக்கு வைக்கும் தட்டு) எடுத்துவிட்டு நல்ல தட்டை அதே இடத்தில் வைக்க முடியும்.

வெளிச்சத்துக்கு: வெள்ளைத் தெர்மாகோல் ஷீட் இரண்டு, கருப்பு சார்ட் இரண்டு, ஒரு வெள்ளை வேட்டி அல்லது ட்ரேசிங் பேப்பர். தட்டுக்கு: நீளமான இடுக்கி இரண்டு ஜோடி, சின்ன பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, டிஷ்யூ, ஊசி இல்லாத சிரிஞ்ச், பல் குச்சி, தண்ணீர் ஸ்ப்ரே. இடுக்கியில் ஒரு ஜோடி பச்சைக் கறிக்கு, ஒரு ஜோடி சமைத்ததற்கு. மாற்றிப் பிடிக்காதீர்கள், எடுத்த கறியை யாராவது சாப்பிடத்தான் போகிறார்கள்.

பாத்திரம் மங்கலான பூச்சு உள்ளதாக இருக்கட்டும். எவர்சில்வர் தட்டில் ஜன்னல், கேமரா, உங்கள் சட்டை எல்லாம் தெரியும். மண் சட்டி நன்றாக இருக்கும், ஆனால் புதுச் சட்டி எண்ணெயை உறிஞ்சி ஓரத்தில் திட்டுத் திட்டாகக் கறுக்கும். எடுப்பதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் நிறம் ஒரே சீராக இருக்கும்.

3. வெளிச்சத்தைப் பின்பக்கத்திலிருந்து கொண்டு வாருங்கள்

கறி ருசியாகத் தெரிவதற்குக் காரணம் அதன் மேல் இருக்கும் மினுமினுப்பு. எண்ணெயும் கொழுப்பும் மசாலாவும் வெளிச்சத்தை நம் பக்கம் திருப்பும்போதுதான் அது தெரியும். வெளிச்சம் கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தால் அந்த மினுக்கம் போய், கறி ரப்பர் மாதிரி தட்டையாகிவிடும். கேமராவில் இருக்கும் ஃபிளாஷை அணைத்து வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6 மணியில் நிற்கிறீர்கள். ஜன்னலோ லைட்டோ 10 அல்லது 11 மணிப் பக்கம் இருக்கட்டும். எதிரே 4 மணிப் பக்கம் தெர்மாகோலை நிறுத்தினால் நிழல் இளகும். நிழலை முழுக்க அழித்துவிடாதீர்கள், துண்டின் பருமன் அதில்தான் தெரிகிறது.

வெயில் நேரடியாக விழுந்தால் ஜன்னலில் வேட்டியைக் கட்டுங்கள். நாலு முழ வேட்டி ஒற்றை மடிப்பில் போதும். கடையில் விற்கிற டிஃப்யூசர் செய்வதும் இதே வேலைதான்.

அறையில் எரியும் ட்யூப் லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் ட்யூப் லைட்டும் கலந்தால் ஒரே துண்டில் ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் பச்சையும் ஏறும். எடிட்டிங்கில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும்.

எல்.இ.டி. லைட் வாங்குவதாக இருந்தால் பெட்டியில் சி.ஆர்.ஐ. எண்ணோடு ஆர்9 எண்ணையும் பாருங்கள். சி.ஆர்.ஐ. என்பது அந்த லைட்டில் எட்டு மென்மையான நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்பதன் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது, அதைச் சொல்வது ஆர்9. சி.ஆர்.ஐ. 80 என்று போட்ட சாதா பல்பில் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம். அந்த வெளிச்சத்தில் புதுக் கறியும் சாம்பல் பூசினதுபோல் இருக்கும். சி.ஆர்.ஐ. 95க்கு மேல், ஆர்9 90க்கு மேல் கிடைத்தால் நல்லது. இறைச்சிக் கடையிலேயே எடுக்கச் சொன்னால், கறிக்கு மேல் தொங்கும் ரோஸ் நிற விளக்கை முதலில் அணைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு அது சிவப்பாகக் காட்டும், கேமராவில் கொழுப்பு உட்பட எல்லாம் ரோஸாகிவிடும்.

வேறு வழியில்லாமல் கடை லைட்டில்தான் எடுக்க வேண்டும் என்றால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் அதற்கு ஒத்துப் போகாவிட்டால் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழும்.

4. கேமராவை அமைத்துப் பூட்டுங்கள்

50 மி.மீ. முதல் 100 மி.மீ. வரை உள்ள லென்ஸ் போதும். போன் என்றால் 2எக்ஸ் வைத்துக் கொஞ்சம் பின்னால் போங்கள். 1எக்ஸில் கிட்டப் போனால் முன்னால் இருக்கும் லெக் பீஸ் பூதமாகவும் தட்டு முட்டை வடிவமாகவும் தெரியும். போர்ட்ரெயிட் மோட் வேண்டவே வேண்டாம். மல்லித்தழை ஓரத்தையும் எலும்பு நுனியையும் அது கண்டபடி அழித்துவிடும்.

அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை. எஃப் 1.8 லென்ஸ் கையில் இருந்தால் அதிலேயே எடுக்க ஆசை வரும். கிட்டத்தில் எஃப் 1.8இல் ஒரு துண்டின் ஒரு விளிம்புதான் தெளிவாக இருக்கும், மற்றது கஞ்சி. ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை உணரும் திறன்) 100 அல்லது 200. டிரைபாட் இருப்பதால் ஷட்டர் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். தட்டு முழுக்க மிளகாய்ச் சிவப்பும் மஞ்சளும் இருந்தால், வெளிச்சம்தான் மஞ்சள் என்று கேமரா நினைத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டும். கறி இருக்கப்போகிற இடத்தில் ஒரு கிரே கார்டை (வேறு நிறம் கலக்காத சாம்பல் அட்டை) வைத்துப் பதிந்துகொள்ளுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள்.

கோணம் பண்டத்தைப் பொறுத்தது. கிண்ணத்துக் குழம்பு, சுக்கா, வறுவல் என்றால் 45 டிகிரி. தலைவாழை இலைக்கு நேர் மேலிருந்து. கிரில் சிக்கன், சாப்ஸ் போல உயரம் உள்ளவற்றுக்குக் கேமராவைக் கிட்டத்தட்ட மேசை மட்டத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் அதன் சதைப்பற்று தெரியாது.

5. டம்மி தட்டில் எல்லாவற்றையும் முடியுங்கள்

அதே கிண்ணத்தில் மிச்சம் மீதிக் கறியையோ ஒரு கைப்பிடி உருளைக்கிழங்கையோ போட்டு வைத்து லைட், கோணம், ஃபோகஸ் எல்லாம் சரிபாருங்கள். மேசையில் கிண்ணத்தின் அடியைச் சுற்றி நாலு இடத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நல்ல தட்டு அந்த டேப்புக்குள் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

வாழையிலைக்கு இங்கே தனியாகப் பார்க்க வேண்டியவை உண்டு. இலையின் பச்சை அப்படியே கறியின் அடிப்பக்கத்தில் ஏறும். கோழிக்கறியில் இது அப்பட்டமாகத் தெரியும், கெட்டுப்போன கறி மாதிரி இருக்கும். துண்டுகளுக்கு அடியில் கொஞ்சம் சோறோ வெங்காயமோ பரப்பினால் பச்சை மறையும். இலையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு அடுப்பு அனலில் லேசாக வாட்டுங்கள். வாட்டிய இலை மடியும், கிழியாது.

இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம் வரவேண்டும். டிசைனர் வசதிக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பினால் நுனி வலது பக்கம் போய்விடும். நம் ஊரில் அதைக் கண்டுபிடிக்காதவர் இல்லை.

6. பச்சைக் கறி: வெட்டிய உடனே எடுக்காதீர்கள்

ஆட்டுக்கறியை வெட்டியதும் உள்பக்கம் கருஞ்சிவப்பாக, கொஞ்சம் ஊதா கலந்து இருக்கும். காற்று பட்டதும் கறிக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பளிச்சென்ற சிவப்புக்கு மாறும். இதற்கு 15 முதல் 30 நிமிடம் வரை ஆகும். வேக்குவம் பாக்கெட்டைப் பிரித்தாலும் இதே கதைதான். அந்த ஊதாவைப் பார்த்துக் கறி பழசு என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் பொறுத்தால் போதும். ரொம்ப நேரம் விட்டாலோ பழுப்பேறும். ஆகவே எடுக்கப்போகும் பக்கத்தை வெட்டி, மேலே எதுவும் ஒட்டாமல் ஃபிரிட்ஜில் திறந்து வைத்து, சிவந்ததும் கொண்டு வாருங்கள். நெஞ்சுப் பகுதிக் கோழிக்கறியில் மயோகுளோபின் குறைவு, அதற்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

அன்று அறுத்த கறி கொழகொழவென்று இருக்கும், கத்தி போகும்போது பிசிறும். அரை மணி நேரம் ஃபிரீசரில் வைத்து இறுகியதும் வெட்டச் சொல்லுங்கள், முகம் கண்ணாடி மாதிரி வரும். கட்டையில் வைத்து வெட்டியதால் ஒட்டியிருக்கும் எலும்புத் தூளையும் மரத்தூளையும் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

கறியைத் தண்ணீரில் அலசி எடுத்து வருவது கடைக்காரர்களின் பழக்கம். படத்துக்கு அது ஆகாது. தண்ணீரில் நிறம் இறங்கி வெளிறிப்போகும், பிறகு தட்டில் ரோஸ் தண்ணீர் கட்டும். எலுமிச்சையும் தயிரும் பட்டால் மேல்பக்கம் வெந்ததுபோல் வெளுக்கும், உப்பு நீரை இழுக்கும். அலசாமல் டிஷ்யூவால் ஒற்றினாலே போதும். மினுமினுப்புக்கு ரீஃபைன்ட் எண்ணெய் ஒரு சொட்டு, பிரஷில் தொட்டு வெட்டிய முகத்தில் மட்டும் தடவுங்கள்.

கோழியில் தோலில் நிற்கும் இறகின் முளைகளை இடுக்கியால் பிடுங்குங்கள். கண்ணுக்குத் தெரியாதது மேக்ரோ லென்ஸில் தாடியாகத் தெரியும். ஈரல், குடல் பக்கம் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஈரல் கறுப்பு என்பதால் வெளிர் நிறத் தட்டு, குடலுக்கு நன்றாகச் சுத்தம் செய்த வெண்மை, அதுவே போதும்.

பார்க்கிற பெண்களோ ஆண்களோ சமையல் செய்கிறவர்கள். நெஞ்செலும்பு என்று போட்டுவிட்டுத் தொடைக்கறியைக் காட்டினால் உடனே பிடிபடும். எந்தப் பகுதி என்பதை வெட்டியவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.

கறிக்கு அடியில் ஐஸ் பெட்டியில் குளிர வைத்த தட்டு இருக்கட்டும். எடுக்காத நேரத்தில் கறி ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

7. சமைத்த கறி: ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கெடும்

சமையல்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வழக்கமான பதத்தில் குக்கரில் வைத்தால் கறியின் மூலை உடைந்து நார் நாராகும். படத்துக்கு உரிய துண்டுகளை ஒரு விசில் முன்னாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் சதை, ஒரு ஓரம் எலும்பு என்று மூன்றும் தெரிகிற துண்டுதான் அழகு. படம் முடிந்ததும் அவை மறுபடி குக்கருக்குப் போகட்டும்.

மட்டன் சுக்கா: பழுப்பு மேல் பழுப்பு என்பதுதான் இதில் சிக்கல். முழுக்கச் சுருளும் முன் கொஞ்சம் ஈரப்பதத்தோடு இறக்குங்கள். தட்டைச் சுடுதண்ணீரில் சூடாக்கித் துடைத்து வையுங்கள், கொழுப்பு உறைவது தள்ளிப்போகும். உறைந்துவிட்டால் சூடான நல்லெண்ணெயை பிரஷில் தொட்டுத் தடவினால் கரையும். கறுப்புத் தட்டு வேண்டாம்.

சிக்கன் 65: பொரித்த உடனே டிஷ்யூவில் போட்டு எண்ணெய் வடிந்ததும் எடுக்க வேண்டும், ஆறினால் மேல்மாவு நமுத்துச் சுருங்கும். நிறப்பொடி போட்ட கறியைப் படத்துக்குக் கொண்டுவராதீர்கள். அந்தச் சிவப்பு கேமராவின் சிவப்புச் சேனலை நிரப்பிவிடும், மேல்மாவின் சொரசொரப்பு மறைந்து ஒரே சிவப்புப் பூச்சாகத் தெரியும். காஷ்மீரி மிளகாய்த்தூளின் நிறமே போதும். கறிவேப்பிலையைத் தனியாக எண்ணெயில் போட்டு, படபடப்பு அடங்கியதும் எடுத்துக் கடைசியில் மேலே வையுங்கள்.

குழம்பு, கிரேவி: துண்டுகள் மூழ்கிவிடும். கிண்ணத்துக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் துண்டுகளை அடுக்கி, சுற்றிலும் கிரேவியை ஊற்றுங்கள். துண்டின் எண்ணிக்கை விற்கிற பிளேட்டில் உள்ளதாகவே இருக்கட்டும். மூழ்கியதை மேலே கொண்டுவரத்தான் இந்த வேலை, இல்லாததைக் காட்ட இல்லை. குழம்பு ஆறினால் மேலே ஆடை படியும், அதை டிஷ்யூவின் ஓரத்தால் தொட்டு எடுக்கலாம். எண்ணெய் பிரிந்து நிற்பது நம் ஆட்களுக்குப் பிடிக்கும், அதை ஒற்றி எடுத்துவிடாதீர்கள். பின்வெளிச்சத்தில் குழம்பின் மேல் பெரிய வெள்ளைத் திட்டு விழுந்தால் பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டரைப் பாதி மட்டும் திருப்புங்கள். முழுக்கத் திருப்பினால் மினுமினுப்பு மொத்தமும் போய் நேற்று வைத்த குழம்பு ஆகிவிடும்.

பிரியாணி: கறி சோற்றுக்குள் புதைந்துதான் வரும். துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்து, சோற்றைத் தளர்வாகக் குவித்து, பாதி வெளியே தெரிகிற மாதிரி செருகுங்கள். கரண்டியால் அமுக்காதீர்கள், பல் குச்சியால் மேலே தெரியும் சோற்றை மட்டும் பிரித்து விடுங்கள். பாஸ்மதி தூரத்திலிருந்தும் பருக்கை பருக்கையாகத் தெரியும். சீரகச் சம்பா சின்ன அரிசி, தூரத்தில் கூழ் மாதிரி தெரியும். திண்டுக்கல் பிரியாணிக்குக் கேமரா இன்னும் கிட்டப் போக வேண்டும்.

கிரில், தந்தூரி: அடுப்பிலிருந்து எடுத்து வைத்த சில நிமிடங்களிலேயே தோல் சுருங்கும். முக்கால் பதத்தில் எடுத்து, மேசையில் வைத்தபின் கேஸ் டார்ச்சால் விளிம்புகளை மட்டும் கருக்குங்கள். எல்லா இடத்திலும் கருக்கினால் தீய்ந்த கோழிதான்.

8. நல்ல தட்டு வந்ததும் செய்கிற வரிசை

துண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக வையுங்கள். பெரிய துண்டு பின்னால், அழகான துண்டு கேமரா பக்கம். அப்புறம் மசாலாவை பிரஷில் அல்லது சிரிஞ்சில் கொடுங்கள். அப்புறம் பஞ்சுக் குச்சியால் கிண்ண விளிம்பு. இங்கே ஒட்டிய ஒரு துளி மஞ்சள் ஃபிளெக்ஸில் உள்ளங்கை அளவுக்குத் தெரியும்.

இந்த நிலையில் இரண்டு படம் எடுத்துவிடுங்கள். மல்லித்தழையும் வெங்காயமும் போடும் முன் ஒரு பிரதி இருந்தால் வாடிக்கையாளர் மனம் மாறினாலும் கவலையில்லை.

கடைசியில் பச்சை. மல்லித்தழையை ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்திருந்து உதறி வையுங்கள், சூடான கறியில் பட்டதும் அது வாட ஆரம்பிக்கும். கொட்டிப் பரப்பாதீர்கள். கடை ஓனர் பக்கத்தில் நின்றால் இன்னும் கொஞ்சம் போடுங்க என்பார். கறிதானே விற்கப்போகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

ஆவி வேண்டுமென்றால் பின்னணி இருட்டாகவும் வெளிச்சம் பின்னாலிருந்தும் இருக்க வேண்டும். ஏ.சி. அறையில் நன்றாகத் தெரியும், மின்விசிறியை நிறுத்துங்கள். கறியின் சூட்டில் வராவிட்டால் கிண்ணத்துக்குப் பின்னால் மறைவாக ஒரு டம்ளர் கொதிநீர் வையுங்கள். ஊதுபத்திப் புகை ஆவி மாதிரி வராது, நீலமாகக் கோடு போடும்.

முதலில் முழுத் தட்டு, பிறகு கிட்டத்தில், கடைசியில் கை தொடுகிற படங்கள்: கரண்டி எடுப்பது, பரோட்டாவால் தொடுவது, துண்டைப் பிய்ப்பது. பிய்த்தபின் திரும்பி வர முடியாது என்பதால் அது எப்போதும் கடைசி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த கறியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

9. எடிட்டிங்கில் கை அடங்கட்டும்

கிரே கார்டு படத்தை வைத்து ஒயிட் பேலன்ஸை முதலில் சரிசெய்யுங்கள். இது சரியாகாமல் சிவப்பைத் தொட்டால் எல்லாம் கலைந்துபோகும்.

சமைத்த கறியின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடரில் இருக்கிறது. புதியவர்கள் சிவப்பின் அடர்த்தியை ஏற்றுவார்கள், மிளகாய் வற்றலும் தக்காளியும்தான் எரியும், கறி அப்படியே இருக்கும். ஆரஞ்சின் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், வறுத்த விளிம்பு உயிர்பெறும். பச்சைக் கறிக்கு மட்டும் சிவப்பு, அதுவும் கொழுப்பு ரோஸாகாத வரை. கொழுப்பு வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள்.

நுணுக்கங்களைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டி ஸ்லைடரைக் கூட்டினால் நார்கள் எழும்பி, கறி காய்ந்து தெரியும். கூட்ட வேண்டுமென்றால் பொரித்த மேல்மாவில் மட்டும் பூசிக் கூட்டுங்கள். நெட்டுக்கு எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற அமைப்பில் சேமியுங்கள்.

10. பிரிண்டுக்குப் போகும் முன்

திரையில் காணும் பளீர்ச் சிவப்பும் ஆரஞ்சும் நாலு மை அச்சில் அப்படியே வராது, செங்கல் நிறத்துக்கு இறங்கும். சாஃப்ட் ப்ரூஃப் (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் வசதி) போட்டுப் பார்த்து, இறங்கும் இடங்களில் நிறத்தை விட்டுவிட்டு வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டுங்கள்.

ஃபிளெக்ஸ் கடையில் முழு பேனர் அடிக்கும் முன் கறி இருக்கும் பகுதியை மட்டும் ஓர் அடி அளவுக்கு அடித்துத் தரச் சொல்லுங்கள். அதைக் கடைக்கு எடுத்துப் போய், பேனர் தொங்கப்போகிற இடத்தில், ராத்திரி அங்கே எரியும் லைட்டில் வைத்துப் பாருங்கள். கறுப்பாகத் தெரிந்தால் படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இன்னொரு துண்டு அடியுங்கள். அது சரியாக வந்தபின் முழு பேனருக்கு ஆர்டர் கொடுக்கலாம்.